குலுங்கா மேஸ்திரி செய்த சக்கரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை காகிதம் வாங்கினேன். மூன்று தடவையும் பிள்ளையார் சுழி போட்டதோடு பேனா நின்றுவிட்டது. அந்தக் காகிதமெல்லாம் என் கடையில் கற்பூரம் மடிக்கத்தான் பயன்பட்டது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பழனியாண்டவன் துணையோடு இந்தத் தடவை முழுக்க எழுதிவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் நாங்கள் எல்லோரும் மலைக்கோட்டையைப் பார்த்து நடந்தோம். குலுங்கா மேஸ்திரி ஒருவர்தான் தரையைப் பார்த்து நடந்தார். ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, அது சௌக்கியமாக இருக்கிறதா என்று தினமும் விசாரித்துவிட்டு வந்த மனிதர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான். இதை நான் எந்தச் சாமி முன்னாலும் கற்பூரம் அணைத்துச் சொல்லுவேன்.

ஏட்டையா சைக்கிளோடு விழுந்த இடம் ஏட்டையா பள்ளம். சேர்மன் வருகிறார் என்றால் மண்ணைப் போட்டு மூடி, அவர் போனதும் திறந்துகொள்வது சேர்மன் குழி. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைக் காரிலிருந்து எம்ப வைத்தது சம்பந்தி மேடு. மழைக்குப் பிறகு ஒரு நாள் கடைக்கு ஓடி வந்து, "ஏ அப்பு, சம்பந்தி மேடு ரெண்டாப் பிரிஞ்சிருச்சுடா" என்றார். பாகப் பிரிவினை நடந்த வீட்டுக்காரர் மாதிரி அம்புட்டுக் கவலை முகத்தில்.

அவருடைய சொந்தப் பெயர் வோட்டர் லிஸ்டில் மட்டும்தான் இருந்தது. பூட்டுப் பட்டறையில் அவருக்கு வில் வேலை. பூட்டுக்குள்ளே நாக்கைத் தள்ளிவிடுமே, சின்னதாக ஒரு இரும்பு வில், அதைப் பதம் பார்த்து வளைப்பவர். அந்த வில் வேலையில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. பட்டறைக்கு முதலாளி ஒரு ராவுத்தர். பட்டறைக்கும் என் பூஜைச் சாமான் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் நான் மணி அடித்துச் சாமி கும்பிட்டால், அந்தப் பக்கம் அவர் சுத்தியலால் தாளம் போடுவார். சாமி பூதம் எதிலும் அவருக்கு ஈடுபாடு கிடையாது. "நீ கும்புடு. எனக்கும் சேத்துக் கும்புட்டுக்க. எனக்கு வேலை கெடக்கு" என்பார்.

அந்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும். அது சிரிப்பான சமாசாரம் இல்லை.

அவர் மனைவி செல்லத்தாயி. எனக்கு மதினி முறை வைத்துத்தான் பழக்கம். ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாள், மதினியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு சந்தையிலிருந்து வந்திருக்கிறார். முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. அவர் சமாளித்து நின்றுவிட்டார். மதினி பின்னால் விழுந்து, பர்லாங்குக் கல்லில் இடுப்பு அடித்துக்கொண்டது. விழுந்தபோதும் மடியிலிருந்த கூடையை விடவில்லை. கூடையில் இருந்த கத்தரிக்காய் ஒன்றுகூட நசுங்கவில்லை. இடுப்புக்குக் கீழேதான் எல்லாம் போய்விட்டது.

ஊரிலுள்ள பள்ளத்துக்கெல்லாம் பெயர் வைத்தவர் அந்த ஒரு பள்ளத்துக்கு மட்டும் வைக்கவில்லை. அந்த வழியாகப் போகும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்.

தர்ம ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார நர்ஸம்மா ஊருக்குப் போகும்போது ஒரு சக்கர நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய சக்கரம் இரண்டு, முன்னால் சின்னது இரண்டு. ஆஸ்பத்திரியின் சிமெண்டுத் தரையில் அது அன்னம் மாதிரிப் போனது. எங்கள் தெருவில் மூன்றடி போவதற்குள் மதினி போட்ட சத்தத்தில் ஜட்கா குதிரை மிரண்டது. ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஊசி இறக்குகிற மாதிரி இருந்ததாம். டாக்டரும், "உட்காரலாம், ஆனால் குலுங்கவே கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குள் போன நாற்காலி நான்கு வருஷம் வாசல்படி தாண்டவில்லை.

மதினிக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். பழனியில்லை, மதுரையில்லை. சந்தைக்குப் போக வேண்டும்.

"கொழுந்தனாரே, இந்த மனுசன் வாங்கிட்டு வர்ற காயப் பாருங்க. இவருக்கு வில்லு வளையுறது தெரியும், வெண்டைக்கா ஒடியுறது தெரியாது. கத்தரிக்காய்க்குள்ள புழு குடும்பத்தோட இருக்கு. ஒரு தடவ, ஒரே தடவ நான் போயி என் கையால பொறுக்கி எடுத்துப் போட்டேன்னா, அந்த வெஞ்சனத்தத் தின்னுட்டுச் செத்தாலும் தேவல."

"செத்த பொறு தாயி. சக்கரம் ரெடியாகட்டும்" என்பார் மேஸ்திரி.

"செத்த பொறுன்னு சொல்லி நாலு வருசம் ஆச்சு. நான் செத்த பெறகா ஒன் சக்கரம் ஓடும்?"

இப்படிச் சொல்லிவிட்டு மதினியே முதலில் சிரிக்கும். மேஸ்திரி சிரிக்க மாட்டார். எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார்.

அவர் யோசனை இதுதான். வண்டிக்கு வில் வைக்கிறவர்கள் எல்லோரும் சக்கரத்துக்கு மேலேதான் வைக்கிறார்கள். சைக்கிளிலும் நாற்காலியிலும் அதற்கு இடமில்லை. ஆகவே வில்லைச் சக்கரத்துக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். கம்பிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வில். கல்லின் மேல் ஏறும்போது வெளி வட்டம் மட்டும் மேலே போகும், நடுவில் உள்ள அச்சு இருந்த இடத்திலேயே நிற்கும். "பூட்டுக்குள்ள வில்லு இருந்தா பூட்டா குலுங்குது?" என்று என்னைக் கேட்பார். எனக்கு என்ன தெரியும்? "குலுங்காதுண்ணே" என்பேன்.

மனுஷி உடம்பில் சோதிப்பதற்கு முன்னால் சைக்கிளில் சோதிக்க வேண்டும் என்றார். சைக்கிள் அவருடையது. உடம்பு என்னுடையது.

முதல் சக்கரத்தில் சுருள் வில் எட்டு வைத்திருந்தார். ஏறி மிதித்தேன். சக்கரம் உருண்டதைவிட அதிகமாகக் குதித்தது. நான் மேலே போய்க் கீழே வரும்போதெல்லாம் தலை தானாகக் குனிந்து நிமிர்ந்தது. எதிரே வந்த ஹெட்மாஸ்டர், நான் கும்பிடு போடுகிறேன் என்று நினைத்துப் பதில் கும்பிடு போட்டார். ஜவுளிக்கடைச் செட்டியார் குடையை மடக்கிவிட்டுக் கும்பிட்டார். எனக்கு ஆகாத ஒரு பங்காளி, கோர்ட்டு வரைக்கும் போனவன், அவன்கூட, "சரி, போனது போகட்டும்யா" என்று கையை உயர்த்திவிட்டுப் போனான். பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள் ஊரில் எனக்குப் பகையாளியே இல்லாமல் போயிற்று. இறங்கிய பிறகு இரண்டு நாளைக்கு உட்கார முடியவில்லை.

"எப்படிடா இருந்துச்சு?" என்றார்.

"ஊரே மரியாதை பண்ணுச்சுண்ணே."

"குலுங்குச்சா?"

"குடல் எடம் மாறிருச்சுண்ணே."

சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்து தோல் வார். தோல் ஷாப்பிலிருந்து வார்களை வாங்கி வந்து வில்லோடு பின்னிக் கட்டினார். கொஞ்சம் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தத் தோல் சரியாகப் பதப்படவில்லை போலிருக்கிறது. நான் புறப்படும்போது பின்னால் ஒரு நாய் வந்தது. முக்கு திரும்பும்போது ஐந்து. பேகம்பூரை நெருங்கும்போது நான் நாய்களுக்கு ராஜா மாதிரி போய்க்கொண்டிருந்தேன். ஒரு கறுப்பு நாய் சக்கரத்தோடு கூடவே ஓடி, ஓடுகிற சக்கரத்திலிருந்தே ஒரு வாரை உருவி எடுத்துக்கொண்டு போயிற்று. அந்தச் சாமர்த்தியத்தை இன்றைக்கும் மெச்சுகிறேன்.

ரோட்டைப் படிக்க வேண்டும் என்று மேஸ்திரி பஸ் ஏறுவார். ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் கடைசி சீட்டுத்தான் வேண்டும். பின் சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள சீட்டு. முன்னால் இடம் காலியாக இருந்தாலும் போக மாட்டார். கண்டக்டர் அந்தக் கொங்குப் பக்கத்து மனிதர்.

"ஏனுங்க, எங்கீங்க போகணும்?"

"எங்கயும் போக வேணாம். குலுங்கணும்."

கண்டக்டர் டிரைவரிடம் போய் ஏதோ சொல்ல, அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் அவரை ஏற்றுவதே இல்லை. குலுங்காத சீட்டே வேண்டாம் என்றவருக்குக் குலுங்கா மேஸ்திரி என்ற பெயர் வந்ததும் அந்த பஸ்ஸில்தான்.

ராவுத்தர் பாடு இன்னும் மோசம். மேஸ்திரிக்கு ஞாபகமெல்லாம் சக்கரத்தில். ஒரு வாரம் முழுக்கப் பூட்டுக்குள் வில் வைக்க மறந்துவிட்டார்.

"அட அல்லா! மேஸ்திரி, பீரோப் பூட்டு வாங்கிட்டுப் போனவரு திரும்பி வந்து, 'பாய், இது பூட்டா, கதவுக்குப் போட்ட நகையா'ன்னு கேக்குறாரு. தும்முனாத் தெறந்துக்குதாம்!"

"சரி பண்ணிக் குடுத்துர்றேன் மொதலாளி."

"என்னத்தச் சரி பண்ணுவே? ஒம் புத்திய மொதல்ல சரி பண்ணு." இப்படிச் சத்தம் போட்டுவிட்டு, "வீட்ல அம்மா எப்படி இருக்கு?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்காமல், மூலையில் கிடக்கும் நல்ல எஃகுத் தகடாகப் பார்த்துக் காலால் மேஸ்திரி பக்கம் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

ஆறாவது சக்கரத்தில் ஒரு வழி தெரிந்தது. எஃகுத் தகட்டை வில்லாக வளைத்து, அதன் நுனிகள் உட்காரும் இடங்களில் பழைய லாரி டயரிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டுகளைச் செருகினார். இரும்பு இரும்பில் உரசாது. ரப்பர் வாங்கிக்கொள்ளும். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரிகள் போட்ட டயர். "கேரளா வரைக்கும் போய்ட்டு வந்த ரப்பர்டா, சந்தை வரைக்கும் போகாதா?" என்றார். அதில் அங்கே இங்கே திருத்தி ஏழாவது செய்தார்.

இதை அளக்க அவர் கண்டுபிடித்த கருவி ஒரு செம்புத் தண்ணீர். விளிம்பு வரைக்கும் நிரப்பிக் கேரியரில் கட்டிவிடுவார். ஊரைச் சுற்றி வந்த பிறகு எத்தனை விரற்கடை குறைந்தது என்று பார்ப்பார். இதை வேறு ஊரில் செய்திருந்தால் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் தங்கம். குடம் ஐம்பது வரிசையில் நிற்கும் குழாயடியைத் தாண்டி, தண்ணீரைச் சிந்திக்கொண்டே சைக்கிளில் போனால் என்ன நடக்கும்? ஆறாவது சக்கரத்தில் போனபோது ஒரு அம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடியே என்னைத் துரத்தி வந்தாள்.

"ஏலே, எடுபட்ட பயலே! பச்சப் புள்ளைக்கு வாய் நனைக்கத் தண்ணியில்ல, நீ ரோட்டுக்கு ஊத்திக்கிட்டுப் போறியா? ஒன் கண்ணு ரெண்டும் வத்திப் போக!"

ஏழாவது சக்கரத்தில் அதே குழாயடியைத் தாண்டிப் போனேன். அதே அம்மா காத்துக்கொண்டிருந்தாள். செம்பைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல், "போ, போ" என்றாள்.

கடைக்கு வந்து செம்பை இறக்கி மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டார்.

அதே மாதிரி நாற்காலிக்கு இரண்டு பெரிய சக்கரங்கள் செய்தார். சின்னச் சக்கரங்கள் தரையில் படாமல், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துத் தள்ள எனக்குப் பழக்கம் கொடுத்தார். அதற்கு முன் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு மாதம் அவரே தள்ளிக்கொண்டு ஊர் சுற்றினார். ஏட்டையா பள்ளம், சேர்மன் குழி, இரண்டாகப் பிரிந்த சம்பந்தி மேடு எல்லாவற்றிலும் இறக்கி ஏற்றினார். சத்தியமாக எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஊர்க்காரர்களால்தான் தொல்லை. "அடப் பாவமே, நேத்துக்கூடக் கடையில நின்னாரே!" என்று பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒரு புண்ணியவான் என் மடியில் இரண்டு சிறுமலை வாழைப்பழத்தை வைத்து, கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். என் மாமனார் சித்தையன்கோட்டையிலிருந்து துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். நான் எழுந்து நின்று வாங்க மாமா என்றதும் அவர்தான் உட்கார்ந்துவிட்டார்.

"நவராத்திரி வருது. விஜயதசமி அன்னைக்குத் தொடங்கினா எதுவும் வெளங்கும். அன்னைக்கு மதினியச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போவோம்ணே" என்று நான்தான் நாள் குறித்தேன். நான்தான்.

மதினி நான்கு நாளைக்கு முன்பே கூடையைக் கழுவிக் காயவைத்துவிட்டது.

ஆயுத பூஜைக்குப் பட்டறையைத் தயார் செய்வது வருஷா வருஷம் என் பொறுப்பு. ராவுத்தர் பொரியும் வெல்லமும் வாங்கிக் கொடுத்து, சாவியையும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பட்டறை வழக்கம் என்னவென்றால், சுத்தியல், அரம், பிடிசுராவி என்று வருஷம் முழுக்க உழைத்த சாமான்களையெல்லாம் முதல் நாள் சாயங்காலமே மண்ணெண்ணெய்த் தொட்டியில் போட்டுவிட வேண்டும். மறுநாள் அழுக்கெல்லாம் விட்டிருக்கும். எடுத்துத் துடைத்து, எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். மேஸ்திரி அன்று நாற்காலிக்குப் புது மெத்தை தைக்கக் கொடுக்கப் போயிருந்தார். நான் தொட்டி முன்னால் நின்றேன். எல்லா ஆயுதமும் குளிக்கிறதே, இந்த இரண்டு சக்கரமும் மட்டும் அழுக்கோடு இருக்கலாமா என்று தோன்றியது. சாமான்களிலேயே உசத்தியான சாமான் அதுதானே? ஊரெல்லாம் சுற்றிய புழுதியும் மசியும் அப்பியிருந்தது.

இரண்டையும் கழற்றித் தொட்டியில் போட்டேன். "முருகா, நீயே கூட இருந்து தள்ளிக்கொண்டு போ" என்று வேண்டிக்கொண்டுதான் போட்டேன்.

பூஜையன்று எடுத்துப் பளபளவென்று துடைத்து, மாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, செவ்வந்திச் சரம் சுற்றினேன். மேஸ்திரி வந்து பார்த்தார். கற்பூரம் காட்டியபோது, எதையும் கும்பிடாத அந்த மனிதர் கையைக் கூப்பினார். "நல்லாருக்குடா அப்பு. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குடா" என்றார்.

விஜயதசமி காலையில் புறப்பட்டோம். மதினி மாம்பழக் கலர் சேலை. மடியில் கூடை. நான் தள்ள, மேஸ்திரி முன்னால் நடந்தார். அன்றைக்கும் தரையைப் பார்த்துத்தான் நடந்தார். முதல் பள்ளத்தில் மதினி கண்ணை இறுக மூடிக்கொண்டது. சக்கரம் இறங்கி ஏறியது. மதினி ஒரு கண்ணைத் திறந்தது.

"தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சு மதினி."

"பொய் சொல்லாதீக கொழுந்தனாரே."

"திரும்பிப் பாருங்க. அந்தா இருக்கு."

அதற்கப்புறம் மதினி சிரித்த சிரிப்பு! "ஏய்யா, தண்ணியில போற மாதிரி இருக்குய்யா! பரிசல்ல போற மாதிரி இருக்குய்யா!" என்று கூவிக்கொண்டே வந்தது. தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மேஸ்திரி திரும்பிப் பார்க்கவேயில்லை. ஆனால் அவர் தோள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பர்லாங்கு. சந்தையின் வேப்ப மரம் தெரிந்தது. மூட்டை பிரித்து வைத்திருந்த கத்தரிக்காய் ஊதா நிறமாகத் தெரிந்தது. மதினி கையை நீட்டி, "அந்தக் கடை! அந்த மூணாவது கடை!" என்றது.

அப்போது வலது சக்கரத்தில் ஏதோ வழுக்குகிற மாதிரி இருந்தது. நான் நிறுத்துவதற்குள் ரப்பர்த் துண்டு ஒன்று பிதுங்கி வெளியே விழுந்தது. வில் தெறித்தது. வட்டம் ஒரு பக்கமும் அச்சு ஒரு பக்கமுமாக, நாற்காலி அப்படியே சாய்ந்தது. நான் பிடித்துப் பார்த்தேன். முடியவில்லை. மதினி சரிந்து தரையில் விழுந்தது. இந்தத் தடவை சத்தமே போடவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

கட்டிலில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பிறகு மதினி உட்காரவே இல்லை.

மேஸ்திரி ஒரு சிலேட்டு வாங்கினார். அதில் சக்கரத்தை வரைந்து வரைந்து அழித்தார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "எங்க தப்பு? எங்கடா தப்பு அப்பு? ஒரு மாசம் ஒன்ன வச்சு ஓட்டுனேனே. அவ ஏறுன அன்னைக்கு ஏன் விட்டுச்சு?" என்று என்னையே கேட்பார். மதினி படுத்தபடி, "ஒன் சக்கரத்துல ஒண்ணும் தப்பில்லய்யா. என் கனம் தாங்கல. ஒக்காந்து தின்னே பெருத்துட்டேன்ல" என்று கேலி செய்யும். அந்த உடம்பில் அப்போது எலும்புதான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து என் சைக்கிளில் மண்ணெண்ணெய் டின் ஒழுகி டயரெல்லாம் நனைந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பஞ்சர்க் கடைக்காரர் டியூபை எடுத்துக் காட்டினார். நாக்குப் புண் மாதிரி உப்பி வழவழவென்று இருந்தது.

"என்னண்ணே, வெவரம் இல்லாம? ரப்பர்ல மண்ணெண்ணெய் படலாமா? ஊதி வழுக்கிக்கிட்டு வந்துரும்ல."

சைக்கிளை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

நேரே மேஸ்திரி வீட்டுக்குத்தான் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும், "வா அப்பு. ஊரே சிரிக்குது. நீ ஒருத்தன்தான்டா எங்கூட நிக்கிற" என்றார். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பினேன். தை மாதம் மதினி போய்விட்டது. அப்புறம் எப்படிச் சொல்வது?

ஏழெட்டு வருஷம் அவர் அந்தச் சிலேட்டோடு இருந்தார். பட்டறைக்குப் போவார், வில் வளைப்பார், பூட்டுக்குள் சரியாக வைப்பார். ராவுத்தர் திட்டுவதற்கு வழியே இல்லாமல் போயிற்று. "முன்ன மாதிரி ஏதாவது தப்புப் பண்ணுய்யா" என்று அவரே ஒரு நாள் கண் கலங்கினார். சக்கரம் என்ற பேச்சே கிடையாது. கடைக்கு வந்தால் மட்டும் என்னிடம் ஒரே கேள்வி: "எங்கடா தப்பு?" நான் ஊதுவத்திக் கட்டை எடுத்து அடுக்குவேன். ஒரு ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் வந்து படுத்தார், நான்காம் நாள் போய்விட்டார். அவருடைய துணிமணிக்கு நடுவே அந்தச் சிலேட்டு இருந்தது. அதிலும் சக்கரம்தான்.

வருஷா வருஷம் பழனிக்குப் போகிறேன். முருகனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவன் மன்னித்திருப்பான், அவன் சுபாவம் அப்படி. ஆனால் கேட்டவர் மேஸ்திரி அல்லவா? கேட்டவரிடம் சொல்லவில்லையே. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் ஒரு வேலை பாதியில் கவிழ்ந்தால், "குலுங்கா மேஸ்திரி சக்கரம் மாதிரி" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கின்றன. கேட்கும்போதெல்லாம் யாரோ என் முதுகெலும்பில் ஊசி இறக்குகிற மாதிரி இருக்கிறது.

ஆகவே இதைப் படிக்கிற தாய்மார்களையும் ஐயாமார்களையும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் நான் எழுதினபடியே சொல்லுங்கள். சிரிப்பு வருகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் சேர்க்கத் தோன்றும், சேர்க்க வேண்டாம். பாவம், பக்தியில் செய்தான் என்று என்னை நல்லவனாக்கவும் வேண்டாம். சக்கரம் சரியாக இருந்தது, நான்தான் அதை மண்ணெண்ணெயில் போட்டேன். இந்த ஒரு வரியை மட்டும் யாரும் மாற்றிவிடாதீர்கள்.

அண்ணே, ஒங்க கணக்குல தப்பே இல்லண்ணே.